இடத்து டயரும் வலத்து டயரும்

எதை வாங்கினாலும் முதலில் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்ப்பார் அப்பா. மாட்டுச் சந்தைப் பழக்கம். அலங்காநல்லூர்ப் பக்கம் யாராவது உழவு மாடு வாங்கப் போனால் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். கொம்பு, திமில், உயரம், நிறம், உடம்பிலுள்ள மயிர்ச்சுழி எல்லாம் ஒத்துவந்தால்தான் அவருக்கு அது ஜோடி. அந்தக் கண்ணோடே மதுரைக்கு மோட்டார் சைக்கிள் டயர் வாங்க வந்தார். அங்கேதான் பிடித்தது வினை.

அப்பா வயலுக்கு மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி அது. இரண்டு டயரும் வழுக்கை. டயரை மாற்றிவிட்டால் நான் அதில் கல்லூரிக்குப் போகலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை எனக்கு வாய்த்தது டவுன் பஸ் படிக்கட்டு. கல்லூரி நூலகத்தில் மோட்டார் பத்திரிகைகளை வரி விடாமல் படித்தவன் நான். வண்டி ஓட்டியதைவிட வண்டியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

சிம்மக்கல் கடையில் இரண்டு டயர்களை உருட்டி வந்து நிறுத்தினார் கடைக்காரர். முன் சக்கரத்துக்கானதில் நீளவாக்கில் கோடு கோடாக ஓடியது. பின் சக்கரத்துக்கானது கட்டம் கட்டமாகத் தடித்திருந்தது. அப்பா ஒரு சுற்று நடந்தார்.

"ரெண்டும் வேற வேறயால்ல இருக்கு."

முன்னுக்கு அப்படித்தான், பின்னுக்கு இப்படித்தான் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். விலைபோகாமல் ஒற்றையாய் நின்ற இரண்டைச் சேர்த்து நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். ஒரே மாதிரி இரண்டு எடுக்கச் சொன்னார். இல்லை. அடுத்த லோடு எப்போது வரும் என்பது கடைக்காரருக்கே தெரியாது.

"அப்ப வந்தப்பறம் பாத்துக்கிருவோம். ஒன்னு மயிலை, ஒன்னு செவலைன்னு பூட்டிட்டுப் போனா ஊர்ல சிரிப்பாய்ங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

எனக்குப் பஸ் படிக்கட்டு கண்முன் வந்து நின்றது. அவசரமாக உராய்வு விசையைப் பற்றி ஆரம்பித்தேன். அப்பா தெருவில் போகிற மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அந்த வழியாகவே போவோம் என்று பேச்சைத் திருப்பினேன்.

"ஏம்ப்பா, நம்ம இடத்து மாட்ட வலத்துல பூட்டுனா உழுகுமா?"

நின்றார். "எப்படி உழுகும்? அது எடது பக்கமே பழகுனதுல்ல."

"இதுவும் அப்படித்தான். கோடு போட்டது முன்னால நின்னு வழி பாக்கும். கட்டம் போட்டது பின்னால இருந்து தரையப் பிடிச்சுத் தள்ளும். ரெண்டையும் மாத்திப் பூட்டக் கூடாது. ரெண்டும் சேந்தாத்தான் ஜோடி."

கடைக்காரர் சிரிப்பை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா மறுபடி படியேறி வந்து, குனிந்து இரண்டையும் தடவிப் பார்த்தார். பின் டயரின் விலாவில் ஓர் அம்புக்குறி இருந்தது. அதில் விரலை வைத்து, இது என்ன சுழி என்று கேட்டார். டயர் சுழல வேண்டிய திசை அது என்று கடைக்காரர் விளக்கினார். நல்ல சுழிதான் என்று அப்பா தலையாட்டினார். வியாபாரம் முடிந்தது.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஜெயித்தவனுக்கு வாய் எங்கே மூடும்? கடை வாசலில் நின்ற எங்கள் வண்டியில் டயர்களை மாட்டி முடித்ததும், புது டயர் கொஞ்ச நாள் வழுக்கும், மேல்தோல் தேயும்வரை நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்று பத்திரிகையில் படித்ததையும் எடுத்துவிட்டேன். பிறகு சாவிக்குக் கை நீட்டினேன்.

அப்பா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பழகாத ஜோடிய எவனாச்சும் சின்னப் பய கையில குடுப்பானா? நாந்தான் பழக்கணும். பின்னால ஏறு."

வைகைப் பாலத்தில் நாங்கள் உழவு வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். எங்களை முந்திய டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் என் வகுப்புக்காரன் தொங்கிக்கொண்டு வந்தான்.

"மாப்ள, நாளைக்கு ஒனக்கு இடம் போட்டு வைக்கவா?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிட்டார்.

"ரெண்டு மாசத்துக்குப் போட்டு வையி தம்பி."