காப்பு கட்டிய கை

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலுக்கு வெளியூர் ஆட்கள் வந்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். கும்பிட்டு முடித்ததும் வாசலுக்கு வடக்கே நிற்கும் கல்லைக் காட்டி, இது யார் என்பார்கள். முத்தால் ராவுத்தர், அம்மனுக்குக் காவல் என்பேன். ராவுத்தர் என்றால் முஸ்லிம் ஆயிற்றே, இந்துக் கோயிலில் அவருக்கு என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. கிடா அறுப்பீர்களா, இந்துக்கள் அப்படிச் செய்யலாமா என்பது அதற்கும் அடுத்தது. எங்கள் சாமியைப் பற்றி எங்களுக்கே வகுப்பு எடுப்பார்கள்.

அறுப்போம். ராவுத்தருக்குச் சுருட்டும் சாராயமும் வைப்போம், அவர் குதிரைக்குக் கொள்ளு வைப்போம். குதிரையேறிச் சண்டைக்கு வந்தவர், அம்மனைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கே காவலாக நின்றுவிட்டார் என்பது எங்கள் ஊர்க் கதை. உண்மையா என்று நான் ஆராய்ந்ததில்லை. எரிச்சலை அடக்கிக்கொண்டு இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு காலத்தில் நானும் அதே கேள்வியைக் கேட்டவன். நான் கேட்டபோது என் கையில் கோடாலி இருந்தது.

களமருதூருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ராவுத்தர் கிடாவை எங்கள் சாதிக்காரர் யாரும் அறுக்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. ஊர்க் கடைசியில் கறிக்கடை வைத்திருந்த பாய்தான் துவா சொல்லி அறுப்பார். அவருக்கு முன் அவருடைய அத்தா அறுத்தார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள், அதாவது வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றைக் கட்டியவர்கள், கிடாவின் ரத்தம் அந்தக் கல்லில் பட்ட பிறகுதான் கயிற்றை அவிழ்க்கலாம். அதுவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வேறு யாரும் கயிற்றைத் தொடக் கூடாது. இடையில் அறுந்தால் வீட்டில் ஒரு சாவு விழும் என்று நம்பினோம்.

எனக்கு இருபத்து நான்கு வயது இருக்கும்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எங்கள் சாதிச் சான்றிதழில் இந்து என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு கோடு, அப்புறம் சாதியின் பெயர். முதல் சொல்லை நாங்கள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இரண்டாவதுக்காக ஒரு வாரம் சாலையை மறிப்பது என்று முடிவாயிற்று. போருக்குப் போகிறோம், அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு போவோம் என்று நான்தான் சொன்னேன். திருவிழா சித்திரையில், இப்போது புரட்டாசி. பூசாரி தயங்கினார். நாங்கள் முப்பது பேர் விடவில்லை. வாரம் முடிந்ததும் பாயைக் கூப்பிட்டுக் கிடா அறுத்து அவிழ்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

ஊர் எல்லைக்குள் வரும் சாலையில் இருந்த புளியமரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்தோம். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது. மரம் முறியும் சத்தம் கேட்டால் தலைக்குள் ஜிவ்வென்று ஏறும். லாரிக் கண்ணாடிகளை உடைத்தோம். இறங்கிவந்து கும்பிட்ட ஒரு டிரைவரை, கும்பிட்ட கையோடு அடித்துக் கால்வாயில் தள்ளினேன்.

நான்காம் நாள் பொழுது விடியும்போது போலீஸ் வந்தது. நான் கழனியில் இருந்ததால் தப்பித்தேன். வீடு வீடாகப் புகுந்து அடித்தார்கள். குதிரில் இருந்த நெல்லில் மண்ணெண்ணெயைக் கொட்டினார்கள். பதினோரு பேரை இழுத்துப் போனார்கள். என் அண்ணனை மட்டும் செத்தவன் என்று நினைத்து வாசலில் விட்டுப் போயிருந்தார்கள். அவனுடைய முழங்கால் சில்லு உடைந்து தோலுக்கு வெளியே வந்திருந்தது. அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, கொல்லாமல் விடமாட்டேன் என்று கத்தினேன். யாரை என்று எனக்கே தெரியாது.

மரம் வெட்டிய முப்பது வீட்டில் மட்டும்தான் அடி விழுந்திருந்தது. மற்றவர்களை விட்டுவிட்டார்கள். அப்படியானால் யாரோ காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். தொழுகைக்காக விடியலில் எழுந்த பாய், ஜீப் பக்கத்தில் நின்று போலீசோடு பேசியதைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். அவ்வளவு போதுமாக இருந்தது. டவுனில் வேலை பார்த்த என் அக்காள் புருஷன் அப்போது ஊரில் இருந்தார். இந்துக்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் பற்றி டவுன் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு அவருக்கு வாயெல்லாம் அதுதான்.

"இன்னாடா மாப்ள இது? ஒரு சாயபு வந்து கத்தி வெச்சாத்தான் நம்ம காப்பு அவுருமா? நாம இந்துடா. அம்மன் கோயில்ல அவனுக்கு இன்னாடா வேல? உள்ள வுட்டது தப்பு, இப்ப அனுபவிக்கிறோம்" என்றார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று அண்ணனின் ரத்தம் என் வேட்டியில் காயாமல் இருந்தது. நாற்பது பேர் பாய் வீட்டுக்குப் போனோம். நான்தான் முன்னால்.

பாய் கறி வெட்டும் கட்டைக்குப் பின்னால் நின்றிருந்தார். ஐம்பது வயது மனிதர். அதுவரை அவரை நீங்க என்று பேசியே பழக்கம்.

"போலீசுகிட்ட இன்னாடா சொன்ன?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லல தம்பி. வழி கேட்டாங்க, அவ்ளோதான். ஆனா வூட்டுக்குள்ள பூந்து இன்னா பண்ணாங்கன்னு பாத்தேன். கேளு தம்பி, அவங்க..."

"அம்மன் கோயில்ல உனக்கு இன்னாடா வேல? எதுக்குடா எங்க கூட நின்ன?"

அவர் கட்டையின் மேலாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடிக்க வந்தார். விரல் காப்புக் கயிற்றில் பட்டது. அண்ணன் சாகக் கிடக்கிறான், இவன் கயிற்றை அறுத்து அவனைக் கொல்லப் பார்க்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் கையைக் கட்டைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு கோடாலியின் பின்பக்கத்தால் அடித்தேன். எலும்பு நொறுங்குவது பிடி வழியாக என் கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் இன்னும் இரண்டு முறை அடித்தேன். அவர் கீழே சரிந்தார். அவருடைய மனைவி ஓடிவந்து அவர்மேல் படுத்துக்கொண்டாள். அவளையும் உதைத்தார்கள். தராசை உடைத்தார்கள், கூரைக்குத் தீ வைத்தார்கள். பட்டியில் இருந்த ஆடுகளை யார் யார் ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கோயிலில் என் பக்கத்தில் நின்று கும்பிடுகிறார்கள்.

கிடா அறுக்கும் கை போய்விட்டது. ஆகவே எங்கள் காப்பையும் அவிழ்க்க வழியில்லை. மறுநாள் மறுபடியும் போலீஸ் வருகிறது என்றதும், அவிழ்க்காத காப்போடு ஊர் எல்லையைத் தாண்டி ஓடினேன். வெள்ளிமலையில் சாமை வாங்கப் போய்வந்த பழக்கத்தில் ஒரு வீடு தெரியும். நடந்தே கள்ளக்குறிச்சிக்குப் போய் மலை பஸ்ஸில் ஏறினேன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். வழியில் எதிர்ப்படும் எங்கள் ஊரார் கண்ணில் சாமிக் கயிறு படக் கூடாது, எல்லை தாண்டியது தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் அதுவும்.

மலையடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏறிய போலீஸ்காரர் யாருடைய பெயரையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை.

"எல்லாரும் சோத்துக்கைய நீட்டுங்க. சட்டையை மேல தூக்குங்க" என்றார்.

எனக்கு முன்சீட்டில் இருந்த மலைக்காரர் ஒருவர் கையிலும் மஞ்சள் கயிறு இருந்தது. அவரைத் தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள்.

"நான் மலைக்காரனுங்க. இது எங்க பெருமாளுக்குக் கட்னதுங்க" என்றார்.

"எல்லாக் கயிறும் ஒரே கயிறுதான்டா" என்று சொல்லி லத்தியை அவர் வாயில் குத்தினார்கள். பல் உதிர்ந்து சட்டையில் விழுந்தது. அடுத்தது நான்.

என் மணிக்கட்டை அவர்கள் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீடுகளிலும் இதையேதான் செய்திருக்கிறார்கள். கையில் கயிறு இருந்தவர்களை எல்லாம், என் அண்ணனையும் சேர்த்து, அடித்திருக்கிறார்கள். யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. நான் கட்டச் சொன்ன காப்புதான் காட்டிக் கொடுத்தது. பாய் அதைப் பார்த்திருக்கிறார், அறுத்துப் போடு என்று சொல்லத்தான் கையை நீட்டியிருக்கிறார். அதன்பிறகு விழுந்த அடிகள் எனக்குச் சரியாக நினைவில்லை. ஸ்டேஷனில் ஒரு ஏட்டு பிளேடால் கயிற்றை அறுத்துக் குப்பையில் போட்டார். வீட்டில் யாரும் சாகவில்லை.

ஜாமீனில் வந்ததும் முதலில் பாயைத்தான் போய்ப் பார்த்தேன். எரிந்த சுவருக்குமேல் தென்னங்கீற்று போட்டு அங்கேயேதான் இருந்தார். விரல்கள் மடங்காமல் குச்சியாக நின்றன. கத்தி பிடிக்க முடியாது. காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"என் கால்ல வுழுந்து இன்னா ஆவப்போவுது தம்பி? ஊரு இன்னும் என்னத்தான் காட்டிக் கொடுத்தவன்னு சொல்லிக்கினு கீது. யாரும் கறி வாங்க வர்றதில்ல. புள்ளைங்கள கல்லால அடிக்கிறாங்க. நீ போய் நாலு பேர் முன்னால உண்மையச் சொல்லு. அது போதும்."

கோயில் வாசலில் ஊரைக் கூட்டிச் சொன்னேன். ஒருவரும் கேட்கிற மாதிரி இல்லை. நான் சொல்வது உண்மையானால் ஊரே தப்பு செய்ததாக ஆகும். அடிபட்டதில் இவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்றார் என் அக்காள் புருஷன். அந்த வருஷம் ராவுத்தருக்குக் கிடாவே வேண்டாம், பூசணிக்காய் போதும் என்று அவர் சொன்னதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எப்படியாவது அவர்களை நம்பவைத்தாக வேண்டும். "சித்திரையில நான் தீமிதிக்கிறேன். குத்தம் என்னுது. என் கால் வெந்தா பாய் மேல தப்பில்லன்னு அம்மா சொல்லிட்டதா அர்த்தம். அப்ப ஒத்துக்குவீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். சரி என்றார் நாட்டாமை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பாவம் செய்தவன் காலை நெருப்பு விடாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

பாயிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னா காரியம் பண்ணிட்ட தம்பி? நெருப்புக்கு இன்னா தெரியும் யாரு நல்லவன்னு?"

தீமிதி அன்று சாயங்காலம் ஊரே திரண்டிருந்தது. பாய் வழக்கம்போல ராவுத்தர் கல்லுக்கு அந்தப்புறம், மனைவி பிள்ளைகளோடு தள்ளி நின்றார். தீமிதித்த மற்றவர்கள் ஓடிக் கடந்தார்கள். நான் நெருப்பில் நடந்தேன். எரியட்டும் என்று நடுவில் மெதுவாகவும் நடந்துபார்த்தேன். செருப்பில்லாமல் ஏர் ஓட்டிய கால் அது, பாதம் மாட்டுத்தோலாகக் காய்த்திருந்தது. சூடு தெரிந்தது, வேகவில்லை.

நாட்டாமை என்னை உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கி நாலாபக்கமும் காட்டினார். "ஒரு கொப்புளம் இல்ல, பாத்துக்குங்க. அம்மா சொல்லிட்டா. இவன் மேல குத்தம் இல்ல."

அவர் அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தலைகள் ஒவ்வொன்றாக ராவுத்தர் கல்லின் பக்கம் திரும்பின.

அவர் இல்லை, நான்தான், நான்தான் என்று கத்திக்கொண்டு எழுந்தேன். எனக்கு அருள் வந்துவிட்டது என்று நான்கு பேர் தோளை அமுக்கினார்கள். பூசாரி என் வாயைப் பிளந்து ஒரு பிடி திருநீற்றைப் போட்டார். துப்பவும் முடியாமல் கத்தவும் முடியாமல் நான் பார்த்துக்கொண்டிருக்க, கூட்டம் பாயை நோக்கி நடந்தது.