நங்கூரக் குறி

பேபிக்கு எழுபத்திரண்டு வயது. கோயிலில் வைத்த பெயர் வேறொன்று இருந்தது; கேட்டால் அவளே யோசித்துத்தான் சொல்வாள். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடி, ஒற்றை அறை. இருபத்தெட்டு வருடம் ரொறன்ரோவின் கம்பனிக் கந்தோர்களைத் துடைத்து, முழங்கால் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். புருசன் போய்ச் சேர்ந்து நெடுங்காலம். ஒரே மகன் கிளிபோட் அல்பேர்ட்டாவில் மாட்டிறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்க்குப் போன் எடுப்பான். இவற்றைத் தவிர அவளிடம் இருந்தது ஒரு கடதாசி.

அவள் பிறந்த கருங்காலிமோட்டை வன்னிக் காட்டுக்குள் இருந்த மாட்டு ஊர். யாழ்ப்பாணத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறி, நூற்றுக்கணக்கில் மாடு வளர்த்து முன்னுக்கு வந்தார்கள் என்பது ஊர்ச்சங்கம் சொல்லும் வரலாறு. அதில் பொய் ஒன்றும் இல்லை, ஒரு ஆளைக் காணவில்லை, அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு பேரும் காணிப் பெர்மிற்றோடு வந்து இறங்க இரண்டு வருடம் முந்தியே, அவர்களுடைய மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போனவர் பேபியின் தகப்பன் றெமிஜியஸ். கடற்கரை மனுசன். வள்ளம் உடைந்து வயிறு காய்ந்ததில் மாட்டுக்குப் பின்னால் போனார். மரத்தில் பரண் கட்டி, யானையோடும் காய்ச்சலோடும் மாரடித்து, தலைப்பிள்ளையை அங்கேயே புதைத்தார். அதற்குப் பிறகு பிறந்தவள் பேபி.

அவருக்குச் சம்பளம் என்று ஒன்றில்லை. பிறக்கிற ஐந்து கன்றில் ஒன்று மேய்க்கிறவனுக்கு. அந்தந்த வீட்டு மாட்டுக்குத் தொடையில் அந்தந்த வீட்டுக் குறி சுடுவார்கள். றெமிஜியஸ் தன் கன்றுகளுக்கு நங்கூரம் சுட்டார். குறியைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் பதிய வேண்டும். அவருக்கோ எழுத்து வாசனையே இல்லை. பன்னிரண்டு குடும்பத்தில் ஒருவரான விநாயகமூர்த்தி வாத்தியார், "நீ ஏன் அலையிறாய், நான் பதிஞ்சுகொண்டு வாறன்" என்று போனார். கொண்டுவந்த கடதாசியில் மேலே நங்கூரம், நடுவில் இங்கிலிசுக் கூட்டெழுத்து, அடியில் அரசாங்க முத்திரை. றெமிஜியஸ் அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். பாம்பு கடித்து அவர் செத்தபோது, நங்கூரம் சுட்ட நாற்பது மாடும் வாத்தியாரின் பட்டிக்குப் போயின. பாதுகாப்புக்கு என்றார்கள். பேபியின் தாயும் நம்பினாள். பிறகு சண்டை வந்து, எல்லாருடைய பட்டியையும் வித்தியாசம் பாராமல் முடித்துவைத்தது.

கடதாசி மட்டும் பேபியின் தலையணைக்குள் இருந்தது. எட்டுத் தரம் இடம்பெயர்ந்தாள். நகையை விட்டாள், தைக்கிற மெசினை விட்டாள், அதை விடவில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் ஒன்பது வயது கிளிபோட், "வாசிக்கட்டே அம்மா?" என்று கையை நீட்ட, "எண்ணெய்க் கையோட தொடாதை!" என்று ஒரு அடி வைத்தாள். இங்கிலிசு வாசிக்கத் தெரியாவிட்டாலும், அதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

போன வருடம் தமிழ் றேடியோவில் அறிவித்தல் போனது. ஊரின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு முதற் குடும்பங்களின் விபரம் தேவையாம். தொகுப்பவர் சச்சிதானந்தன், வாத்தியாரின் மகன். பேபி நல்ல சீலை உடுத்து, கடதாசியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, இரண்டு பஸ் மாறி மில்லிக்கனில் அவன் வீட்டுக்குப் போனாள். அப்பாவின் பெயர் ஒரு வரியில் வந்தால் போதும். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

"அப்பாதான் முதல் ஆள் தம்பி. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் அக்கா. ஆனா கொமிற்றி அத்தாட்சி கேக்குது. பெர்மிற் இருக்கே?"

"பெர்மிற் இல்லை. இது இருக்கு."

அவன் கண்ணாடியைப் போட்டு வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"அக்கா... ஓனர் எண்ட இடத்திலை எங்கட அப்பான்ர பேரெல்லோ கிடக்கு."

"வடிவாப் பாருங்கோ."

"விநாயகமூர்த்தி எண்டுதான் எழுதியிருக்கு. றெமிஜியஸ் எண்டு ஒரு இடத்திலையும் இல்லை."

பேபி நங்கூரத்தின்மேல் விரலை வைத்தாள். "உங்கட அப்பா கடலிலை கால் நனைச்ச மனுசனே? அவருக்கு என்னத்துக்கு நங்கூரம்?"

சச்சிதானந்தன் நிமிரவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது என்பது அவளுக்கும் விளங்கியது. "இனி ஆரக்கா சொல்லுறது?" என்றான் கடைசியில். "பேப்பரிலை கிடக்கிறதைத்தானே போடலாம். ஒரு போட்டோ எடுக்கட்டே?"

அவளுக்கு வாய் வரவில்லை. அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

வாத்தியார் களவெடுத்தாரா, காணி இல்லாதவன் பேரில் பதியமாட்டார்கள் என்று நல்லெண்ணத்தில் தன் பேரைப் போட்டாரா, கேட்பதற்கு ஒருவரும் உயிரோடு இல்லை. பேபிக்கு இரண்டும் ஒன்றுதான்.

மலர் ஸ்காபறோ மண்டபம் ஒன்றில் வெளியானது. அட்டையில் பெரிதாக நங்கூரம். உள்ளே, 'ஊரின் முதலாவது குறி: விநாயகமூர்த்தி குடும்பம்.' பதினான்காம் பக்கத்தில், 'மாடு பார்க்க ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார்.' கடைசிப் பக்கத்து நன்றியுரையில், 'ஆவணம் தந்துதவிய திருமதி பேபி.' வாசிக்க வாசிக்க அவளுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. சண்டையின் செல்லடிக்குள்ளும் தண்ணிக்குள்ளும் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தது வாத்தியார் வீட்டாருடைய சாட்சியை. அவள் எங்கேயாவது அதைத் தொலைத்திருந்தால், அப்பாவின் நங்கூரத்தை ஒருவராலும் எடுத்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கிளிபோட் போன் எடுத்தான்.

"அம்மா, புக் வந்ததே? அம்மப்பான்ர பேர் போட்டவையே?"

சின்ன வயதில் நீட்டிய அந்தக் கை அவளுக்கு நினைவு வந்தது.

"ஓம் மோனை. முதல் பக்கத்திலையே கிடக்கு."

"போட்டோ எடுத்து அனுப்புங்கோ, இஞ்சை வேலையிடத்திலை காட்ட."

"என்ர போனிலை படம் வடிவா வராது," என்றாள் பேபி. "நீ சாப்பிட்டியே?"