கழுவிய இரைப்பைகள்

சுறா என்ன தின்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கடலுக்குள் போய்ப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. வலையில் வந்த சுறாவின் இரைப்பையைத் திறந்தால் தெரிந்துவிடும். எம்.கே.பி. நகரிலிருந்து காலையில் பஸ் பிடித்து, கல்மண்டபத்தில் இறங்கி, மீன்பிடித் துறைமுகத்துக்கு நடப்பேன். அங்கே மீன் வெட்டும் அக்கா ஒருவர் எனக்காக இரைப்பைகளைக் கவரில் போட்டு வைத்திருப்பார். வாங்கிக்கொண்டு கல்லூரி ஆய்வகத்துக்கு ஓடுவேன்.

நான்கு மாதம். திறந்ததெல்லாம் காலி. நம் கடலில் சுறாக்கள் பட்டினி கிடக்கின்றன என்று முடிவே கட்டிவிட்டேன். என் பேராசிரியரும் அசந்துபோய், அதைக் கருத்தரங்கில் படிக்கச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றும் வழவழவென்று, நாற்றமே இல்லாமல் இருந்ததைப் பார்த்தாவது என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டாமா?

ஒருநாள் பஸ் சீக்கிரம் கிடைத்தது. போனால், அக்கா குழாயடியில் உட்கார்ந்து இரைப்பைக்குள் தண்ணீர் விட்டுப் பிதுக்கிக்கொண்டிருக்கிறார். வெளியே விழுந்ததைக் காக்கைகள் கொத்திக்கொண்டு போயின. போனது என் நான்கு மாத உழைப்பு.

"இன்னாக்கா பண்றீங்க?" கத்தியே விட்டேன்.

"இன்னாத்துக்கு கத்துற? படிச்ச பொண்ணு, பஸ்ல எட்துகினு போற. கலீஜா குடுத்தா நல்லாவா கீது? அதான் ரெண்டு தபா கய்வி குடுக்கறேன்."

அந்தக் கலீஜ்தான் எனக்கு வேண்டும் என்று நான் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அன்றுதான் சொன்னேன். எழுதி வைத்ததையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, கருத்தரங்கிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி பேராசிரியரிடம் கேட்டேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் கவர் கனத்தது. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. திறந்தால் கானாங்கெளுத்தி, கணவாய், பாதி செரித்த நண்டு. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்போ நாலு மாசமா உன் படிப்ப நான்தான் தண்ணில வுட்டுகினு இருந்தனா?"

முகம் சுருங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"இல்லக்கா, அதெல்லாம் கூட ஆய்வுல சேந்துக்கும்" என்றேன். என் ஆய்வில் தெரிந்தே நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.