சுவருக்கு வெளியே ஒரு குழி

கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிங்க எதுவும் வராத காலம். எங்க தெருவுல கெழக்குக் கோடியில மாரியாத்தா கோயிலு, மேற்குக் கோடியில மாதா கோயிலு. ரெண்டுக்கும் மண்ணு சுமந்தது ஒரே ஜனங்கதான். என் வூட்டுக்காரரு மாதா கோயிலு, அவரோட அண்ணன் மாரியாத்தா கோயிலு. ஒரே கழனியில கூலி, ஒரே பானையில கூழு. செத்தா மட்டும் வேற வேற. அவங்களுக்குச் சுடுகாடு, எங்களுக்குச் சுத்துச்சுவரு போட்ட கல்லறை. ஞானஸ்நானம் வாங்காதவங்கள அந்தச் சுவருக்குள்ள வைக்கமாட்டாங்க.

எங்களுக்குன்னு சாமியாரு கெடையாது. தூரத்து ஊர்லருந்து மாசத்துக்கு ஒரு தபா வருவாரு. அந்த வருஷம் மழையில ரோடு அடிச்சிக்கினு போயிட்டு, அவரு வரவேயில்ல. என் மொதப் பையன் ஞானஸ்நானம் இல்லாமலே கெடந்தான்.

அவனுக்கு ஜொரம் கண்டு, பால் குடிக்கறத நிறுத்திட்டான். வைத்தியரு கைவிரிச்சிட்டாரு. உசுரு போறதுக்குள்ள சாமியாரக் கூட்டியாந்து ஞானஸ்நானம் குடுத்துடணும்னு என் வூட்டுக்காரரு சைக்கிள எடுத்துக்கினு ஓடினாரு. சேத்துல பாதி தூரம் சைக்கிளத் தூக்கிக்கினே நடந்தாராம். நான் புள்ளைய மடியில போட்டுக்கினு வழியப் பாத்துக்கினு இருந்தேன். இவரோட அண்ணன் வந்து பக்கத்துல குந்தினாரு. இன்னும் கொஞ்ச நேரம் இருடா கண்ணுன்னு கெஞ்சினேன். அவன் இருக்கல.

இவரு சாமியாரக் கூட்டிக்கினு பொழுது சாயறப்போ வந்தாரு, ரெண்டு பேருக்கும் முட்டி வரைக்கும் சேறு.  புள்ளையப் பாத்துட்டு சாமியாரு மெதுவா சொன்னாரு: "சாகக் கெடக்கற புள்ளைக்கு நீயே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்திருக்கலாமேம்மா. யாரு வேணும்னாலும் குடுக்கலாம்."

நான் கேட்டேன்: "மாசாமாசம் வந்து பூசை வெச்சீங்களே சாமி, இத ஒரு நாளாவது சொன்னீங்களா?"

 உள்ள வைக்க உடுங்கன்னு கால்ல விழுந்தேன். அதுக்குச் சட்டம் இல்லன்னு தலையக் குனிஞ்சிக்கினாரு. இன்னா சட்டமோ, எழவு சட்டம். எங்க சுடுகாட்டுல வெச்சிக்கலாம்னு இவரோட அண்ணன் போய்க் கேட்டாரு. வேதக்காரங்க பொணம் இங்க ஆகாதுன்னு அவங்க ஆளுங்களே வெரட்டி உட்டாங்க. கடைசியில கல்லறைச் சுவருக்கு வெளிய, முள்ளுப் பொதரு ஓரமா, அந்த அண்ணனேதான் குழி வெட்டினாரு.

பையனுக்குன்னு ஒரு பேரு நெனச்சி வெச்சிருந்தோம். ஞானஸ்நானத்துல சாமியாரு சொன்னப்புறம்தான் கூப்பிடணும்னு எங்க பழக்கம், அதனால வூட்டுல யாரும் அதச் சொன்னதில்ல. மண்ணு தள்ளறப்போ நானே அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். எம்புள்ளைய நான் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்னிக்கு மட்டும்தான்.