தளிக்காரி சொன்ன பதில்

செல்வம்மாளுக்குப் பொறாமை வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. மத்தூரில் பிறந்து ஓசூரில் வாழ்க்கைப்பட்ட நாள் முதல், புருஷன் முனிவேல் எதிர்வீட்டுக்காரியிடம் மணி கேட்டால்கூட அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அவள் தலையெழுத்து, ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் கேள்வி கேட்கிற உத்தியோகக்காரனே வாய்த்தான்.

நாடு முழுவதும் சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, என்ன சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், எத்தனை பிள்ளை பெற்றார்கள் என்று விசாரிக்கிற மத்திய சர்க்கார் வேலை அது. ஆரம்பத்தில் அதனால் வீட்டில் தகராறு இல்லை. மணியக்காரர் வாசலில் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார்த்தி, ஊரே வேடிக்கை பார்க்க முனிவேல் கேட்டு எழுதுவான். சாயங்காலம் சாப்பிடும்போது எல்லாவற்றையும் பெண்டாட்டியிடம் கொட்டிவிடுவான். சூளகிரியில் எந்த வீட்டில் மூன்று வேளையும் களி தின்றுவிட்டு நெல்லுச்சோறு என்று பீற்றிக்கொள்கிறார்கள் என்பது ஓசூரில் முதலில் செல்வம்மாளுக்குத்தான் தெரியும். அவளுக்கு அதில் தனி ருசி.

ஐம்பத்தாறாம் வருஷம் விதிகளைத் திருத்தினார்கள். மேலதிகாரி கணக்கெடுக்கிறவர்களை எல்லாம் சேலத்துக்கு வரவழைத்து விளக்கினார். இனி ஊர் அதிகாரியை வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது, ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழக் கூடாது, கேட்டது ஆபீசைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. முனிவேல் சொன்னால் சொன்னபடி நடக்கிற ஆள். அன்று வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டான். ஏன் என்று குடைந்தாள் செல்வம்மாள்.

"சட்டம் மாறிடுச்சு. வூட்டுலகூட சொல்லக் கூடாதாம்."

"வூடுன்னா நானா?"

"நீதான்."

அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சர்க்காருக்கு இவள் குடும்பத்தில் என்ன வேலை? அந்த நேரம் பார்த்துத் தளியிலிருந்து அவரைக்காய் மூட்டையோடு சந்தைக்கு வந்த நாகம்மா, காயை அளந்துகொண்டே ஒரு சேதியையும் அளந்துவிட்டுப் போனாள். முனிவேல் தளியில் ருக்மணி என்கிறவள் வீட்டுக்குப் போனானாம். மாமியாரைத் தோட்டத்துப் பக்கம் போகச் சொல்லிவிட்டு அவளோடு தனியாக வெகுநேரம் பேசினானாம். ருக்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாளாம்.

ருக்மணி யார் என்று செல்வம்மாள் புருஷனைக் கேட்டாள். யாரைப் பற்றியும் பேசக் கூடாது என்றான். நல்லவளா கெட்டவளா என்றாவது சொல்லச் சொன்னாள். அதையும் சொல்லக் கூடாது என்றான். கள்ளத்தனம் செய்கிறவனும் இதைத்தானே சொல்வான்! ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு, அவன் கிருஷ்ணகிரிப் பக்கம் போன நாளில் தளி பஸ் ஏறிவிட்டாள்.

ருக்மணி வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். பளிச்சென்று இருந்தாள், அதுவே செல்வம்மாளுக்குப் பொறுக்கவில்லை. உண்மையைக் கறக்க ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

"கணக்கெடுக்க வந்தாரே, அவருதான் எங்க வூட்டுக்காரரு. எங்கிட்ட ஒண்ணையும் மறைக்க மாட்டாரு. இங்க நடந்ததெல்லாம் சொல்லிப்புட்டாரு."

ருக்மணி கதவைச் சாத்திவிட்டு வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ள விசயத்தையுமா அக்கா? கல்யாணத்துக்கு மிந்தி பொறந்தது. பொறந்த ஊரு ஆனேக்கல்ல எங்கம்மா தம்புள்ளைன்னு வளர்க்கறாங்க, இங்க யாருக்கும் தெரியாது. எத்தினி பெத்தேன்னு கேட்டாரு, யார் காதுக்கும் போவாதுன்னாரு. அதை நம்பித்தான் நெசத்தைச் சொன்னேன்."

இவ்வளவுதானா என்று முதலில் செல்வம்மாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். அடுத்த நிமிஷமே வேறு பொறாமை கிளம்பியது. ஊர்பேர் தெரியாத ஒருத்திக்காக இத்தனை நாளும் என்னிடம் வாயைத் திறக்காமல் இருந்தாரே! அவர் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் புளுகினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புருஷனைச் சந்தேகப்பட்டு வந்தேன் என்று இவளிடம் போய் ஒத்துக்கொள்வதா என்று ரோஷம் தடுத்தது. கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

ருக்மணி தன் ரகசியத்தை யாரிடமும் சொல்ல முடியாது. கணக்கெடுக்கிற ஆள் கேட்டதைப் பெண்டாட்டியிடம் போய்ச் சொல்கிறான் என்று மட்டும் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்த தடவை முனிவேல் போனபோது தளியில் ஒரு பெண்ணும் அவனுக்கு வாய் திறக்கவில்லை. காரணம் மேலதிகாரி வரை போயிற்று. விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவு வந்தது, குற்றம் உறுதியானால் உத்தியோகமே போய்விடும்.

அன்று தட்டில் போட்டதை முனிவேல் தொடவில்லை. செல்வம்மாள் எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவனை அவள் ஒரு நாள்கூட முழுசாக நம்பியதில்லை. இன்றைக்கு இந்த உலகத்தில் அவன் நிரபராதி என்று நிச்சயமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

"உங்கிட்டகூட நான் வாய் தொறக்கல. யாரு நம்பாட்டியும் போவட்டும். நீ நம்புறியா?"

"நம்புறேங்க" என்றாள்.

அது போதும் என்று சொல்லிவிட்டு, முனிவேல் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.