எங்கள் கோழியை நாங்களே ஏலத்தில் ஏற்றியது

கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் பிரஸ்ஸிலிருந்து சம்பளத்தோடு வந்ததும், இருவரும் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுப் பணத்தைப் பாயில் பரப்பிப் பங்கு வைப்போம். கோயிலுக்கு, வட்டிக்கு, அரிசிக்கு, பிள்ளைக்கு. புருஷனும் பெண்டாட்டியும் ஒளிவுமறைவு இல்லாமல் இருப்பது எப்படி என்று பெண்கள் கூட்டத்தில் நான் சாட்சி வேறு சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வட்டி என்றால், நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கிய ஐம்பதாயிரத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய். கொடுத்தவர் வட்டிக்கடைக்காரர் இல்லை, எங்கள் சபையிலேயே உள்ள ஒரு அக்கா. நாரணாபுரம் பக்கம் பட்டாசு விபத்தில் புருஷன் போனபோது அவருக்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணம் அது. எங்கள் வட்டியை நம்பித்தான் அவரும் மகளும் சாப்பிட்டார்கள். அது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் காலண்டர் சீசன் முடிந்துவிட்டது. பட்டாசு லேபிள் ஆர்டர் இன்னும் வரவில்லை. பிரஸ்ஸில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இருவருமாக அக்கா வீட்டுக்குப் போய், "இந்த மாசம் கையில சல்லிக்காசு இல்லக்கா" என்றோம். "அதுக்கென்ன செய்ய, இருக்கும்போது குடுங்க" என்றார். காப்பி வேறு போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். பணம் போட வழியில்லாததால் நாங்கள் எங்கள் முட்டைக்கோழியைக் கொடுத்திருந்தோம். கொடுத்தவர்களே கூடுதல் விலைக்குத் திரும்ப எடுப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் சல்லிக்காசு இல்லை என்றவர்கள் எப்படி எடுப்பது? அக்கா முக்காடு போட்டபடி முன்னால் நின்றிருந்தார்.

என்னிடம் அறுநூறு ரூபாய் இருந்தது. வீட்டிலிருந்தே காலண்டர் அட்டை ஒட்டியதில், கைக்கு இருக்கட்டும் என்று கணவருக்குத் தெரியாமல் சேர்த்தது. பிள்ளைக்கு முட்டை போய்விடுமே என்று மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் காதில், "எனக்காக நீங்க கேளுங்க" என்றேன். அவள் இருநூறு என்றாள். ஆண்கள் பக்கமிருந்து ஒருவர் இருநூற்றைம்பது என்றார். நான் அவளை இடிக்க இடிக்க அவள் ஏற்றினாள். அந்த மனிதரும் விடவில்லை. முந்நூறு வரை பிள்ளைக்காகத்தான் கேட்டேன். அதற்கு மேல் வெறும் ரோஷம். அறுநூறோடு என் காசு தீர்ந்தது. அறுநூற்றைம்பதுக்குக் கோழி அந்தப் பக்கம் போனது.

அவர் என் கணவரோடு பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர். கோழியை நேரே கொண்டுபோய் என் கணவர் கையில் கொடுத்து, "எடுத்தாச்சுண்ணே!" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி வாயில் கைவைத்தாள். "அடியாத்தி! புருசனும் பொண்டாட்டியுமால்ல மாத்தி மாத்தி ஏத்தியிருக்கீக!"

வாசலே சிரித்தது. அக்காவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "உனக்கு ஏது காசு?" என்றார் அவர். "உங்களுக்கு ஏது?" என்றேன் நான். காலண்டர் சீசனில் கிடைத்த ஓவர்டைம் பணத்தில் எழுநூறு ஒதுக்கி வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்தால் வட்டி போக மிச்சமே இருந்திருக்கும். சண்டை போடக்கூட இருவருக்கும் முகமில்லை. கோழிக்குக் கட்டியது போக இருந்ததை எடுத்துக்கொண்டு சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனோம்.

அப்போது அவர் முக்காடு போட்டிருக்கவில்லை. காதில் கம்மலைக் காணோம், துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகியிருந்தார். நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மகளுக்குப் பீஸ் கட்டணும்ல. நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே அடகு வச்சிட்டேன்" என்றார்.

என் கணவர் அறுநூற்றைம்பது ரூபாயை நீட்டினார். அக்கா பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தோம், படவில்லை.

"இனிமே காசு இல்லைன்னா யாராச்சும் ஒருத்தர் மட்டும் வாங்க" என்றார். "ரெண்டு பேரும் சேந்து வந்து சொன்னா நான் நம்பிருதேன்."