எடுக்காத சிமிழ்

பக்கத்து வீட்டு அக்கா முதன்முதலாக என்னைத் திருடி என்று சொன்னது ஒரு திங்கட்கிழமை காலையில். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். வாசலில் நின்றிருந்தார்.

"என் குங்குமச் சிமிழக் குடுத்துடு. எங்கம்மா குடுத்த வெள்ளிச் சிமிழு. உனக்கு எதுக்குடி அது? நீதான் பொட்டே வெக்க மாட்டியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். இந்த ஓரிக்கை ஊரில் பதினான்கு வருடங்களாக அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். அவர் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு வந்து, "உங்க சாமி இதுக்கெல்லாம் கோச்சுக்காது" என்று சொல்லிப் படுக்கையில் பரப்பிவிட்டுப் போனவர். அவர் முகத்தைச் சரியாகப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

அன்று மாலை அவருடைய மகன் வந்தார். மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அந்தச் சிமிழ எங்க அக்கா கல்யாணத்துல அம்மாவேதான் குடுத்தாங்க. திருத்தணியில அக்கா வீட்ல இருக்குது. சொன்னா நம்ப மாட்டேன்றாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவால்லபா" என்றேன். அப்போது பரவாயில்லாமல்தான் இருந்தது.

திருத்தணிக்குப் போய் அந்தச் சிமிழையே வாங்கி வந்தும் காட்டினார்கள். "இது யாரோடதோ" என்று அக்கா தள்ளிவிட்டார். மறுநாள் காலையில் மறுபடியும் என் வாசல்.

பட்டுச்சேலைகளின் முந்தானையில் குஞ்சம் கட்டுவது என் வேலை. கடையிலிருந்து ஒருவர் வண்டியில் கல்யாணச் சேலைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து எடுத்துப்போவார். யாரோ ஒரு பெண் மணவறையில் கட்டப்போகும் சேலை என் வீட்டு அலமாரியில் இருக்கும். கை மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது, பேரும் சுத்தமாக இருக்க வேண்டிய வேலை அது.

ஒரு சனிக்கிழமை பொறுமை போய், "பைத்தியம் புடிச்சா வீட்லயே கெடங்க" என்று கத்திக் கேட்டை அறைந்து சாத்தினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா அப்படியே நின்றார். மறுநாள் ஞாயிறு. எங்கள் சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் எடுக்க வேண்டிய பாடம், பிறனை நேசிப்பது பற்றியது. பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் லெந்து நோன்பு நாட்கள் தொடங்கின. எல்லாரும் கறி மீனை விடுவார்கள். நான் அக்காவிடம் கோபமாகப் பேசுவதை விடுவதென்று ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஓரளவுக்கு முடிந்தது. திட்டத் திட்டத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடியும் திட்டினார்.

லெந்து பாதி கடந்திருக்கும். மதியம் நல்ல வெயில். அக்கா என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். அன்று திட்டவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவர் மருமகள் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா" என்றார். "உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன். நீ எடுத்திருந்தா போவுது. நீ எடுக்கலன்னா, நான்தான எங்கியோ தொலச்சிருக்கேன்? எனக்கு எல்லாமே தொலஞ்சுக்கினே இருக்குதும்மா."

தனக்கு என்ன நடக்கிறது என்று அக்காவுக்குத் தெரிகிறது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. வேறு எதையும் யோசிக்கவில்லை.

"ஆமாக்கா. நான்தான் எடுத்தேன். மன்னிச்சிடுங்க."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, "போவுது விடு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். நான் பிசைந்து கொடுத்த ரசச் சோற்றை முழுதும் சாப்பிட்டார்.

அரை மணி நேரத்தில் சேலை எடுத்துப்போகும் கடை ஆள் வண்டியில் வந்தார். அவரை அக்காவே நடுத்தெருவில் நிறுத்தி, "பாவம், சிமிழ எடுத்துட்டேன்னு அவளே ஒத்துக்கினா. நான் மன்னிச்சுட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாராம். அவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. குஞ்சம் கட்டி முடித்த சேலைகளோடு, கட்டாமல் கிடந்த இரண்டையும் எண்ணி எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் சேலை வரவில்லை. நானே கடைக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எடுக்கலன்னா, எடுத்தேன்னு எதுக்கும்மா சொன்னீங்க?"

"அவங்க கெஞ்சினாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னோடு வந்திருந்த அக்காவின் மகனும் சாட்சி சொன்னார். "நான் நம்புறேம்மா. ஆனா இது மத்தவங்க வீட்டு முகூர்த்தச் சேல. நாளைக்கு ஒண்ணுன்னா நான் என்ன பதில் சொல்றது? கொஞ்ச நாள் போவட்டும்" என்றார் மேனேஜர். அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அதனால்தான் கோபப்படக்கூட முடியவில்லை.

கல்லூரிக்குப் போகும் என் மகள் அன்று சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். "பஸ்ல ஒரு ஆன்ட்டி கேக்குறாங்க. நீ நெஜமாவே எடுத்தியாம்மா?"

"இல்லடி."

"அப்ப சொன்னது பொய்யா? சண்டே ஸ்கூல்ல எங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்த நீ?"

திருடி இல்லை என்றால் பொய்க்காரி. இரண்டில் ஒன்றை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் எழுந்து போனார்.

எங்கள் சர்ச் ஆயரிடம் போனேன். திட்டினாலும் பரவாயில்லை, ஏதாவது ஒரு வழி சொல்வார் என்று நினைத்தேன். "உங்க எடத்துல நான் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். இருவரும் ஜெபித்தோம். வெளியே வந்தபோது, உள்ளே போனபோது எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருந்தேன்.

நான் ஒத்துக்கொண்டது மறுநாள் காலையிலேயே அக்காவுக்கு மறந்துபோயிருந்தது. மறுபடியும் வாசலில் நின்று கேட்டார். மறக்காதது தெருதான். பழைய பழக்கத்தில் பேச வந்த பெண்கள், தங்கள் அலமாரி சாவி இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. அப்படி இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் எடுத்தேன் என்றும் சொல்வதில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்வதில்லை. "வாங்கக்கா, தேடிப் பாக்கலாம்" என்று கூப்பிடுவேன். அரிசி டப்பா, துணி மூட்டை, கட்டிலுக்கு அடியில் என்று இருவரும் தேடுவோம். களைத்துப்போய் வீட்டுக்குப் போவார். இதுவும் பொய்தானா என்று எனக்குத் தெரியவில்லை. இல்லாத ஒன்றை இருப்பதுபோல் தேடுகிறேனே. இப்போது தெருவில் இரண்டு மூன்று பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். கடையிலிருந்து இதுவரை கூப்பிடவில்லை.

போன வாரம் அக்காவை அவர் மகள் வந்து திருத்தணிக்கு அழைத்துப் போய்விட்டார். காலையில் கதவைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாயில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான், எதற்காகச் சொன்னேன் என்று உறைத்தது. பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அக்கா திரும்பி வர வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.